சிறிய கடல்நீர்த் தொட்டிகளில் ஆழ்ந்த மணற்படுகை

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவரால் எழுதப்பட்டது)

கடலோர ஜில்லாக்களில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்ப்போர் சிலர் இருக்கின்றனர். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துக் கொடுத்த பின்னர், கடலிற் சென்று பிடிக்காமலே இவ்வழகிய மீன்களைப் பெறுவது சாத்தியமாயிற்று. இவ்வாறு தொட்டி வைப்போரில் நஞ்சை நிலம் உடையவர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “தொட்டி ஜலத்தில் நைட்ரேட் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, ஜலத்தை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது, வேறு வழி உண்டா?”

விவசாயப் பத்திரிகையில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். இதற்குரிய வழி நமது நெல் வயலின் சேற்றிலேயே இருப்பதால்தான் இவ்விஷயத்தை இங்கே எழுத நேர்ந்தது. நெல் விவசாயி எதை நஷ்டம் என்று கருதித் தடுக்கப் பாடுபடுகிறாரோ, அதையே தொட்டி வைப்பவர் லாபம் என்று கருதி வரவழைக்க வேண்டும். இந்த ஒன்றை நன்கு அறிந்துகொண்டவருக்கு மணற்படுகையின் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும்.

வயலில் நடப்பது

நீர் கட்டிய நெல் வயலின் மண்ணை மெல்லக் கத்தியால் வெட்டி எடுத்துப் பார்த்தால், மேலே சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை பழுப்பு நிறமான மெல்லிய ஏடும், அதற்குக் கீழே சாம்பல் அல்லது கருநீல நிறமான சேறும் இருக்கக் காணலாம். மேலேட்டில் பிராணவாயு உண்டு, கீழே இல்லை. அம்மோனியா உரத்தை மேலே தூவினால், மேலேட்டிலுள்ள நுண்கிருமிகள் அதனை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. இந்த நைட்ரேட் ஜலத்தோடு கீழே இறங்குகிறது. அங்கே பிராணவாயு கிடைக்காத வேறு வகை நுண்கிருமிகள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிச் சுவாசித்து, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. அது குமிழியாய் ஆகாயத்திற் கலந்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய உரம் காற்றோடு போயிற்று. ஜப்பான் தேசத்தில் ஷியோயிரி முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1930-களிலும் 1940-களிலும் இந்த உண்மையைத் தெளிவாக்கினர். உரத்தைச் சேற்றுக்குள்ளே ஆழமாக வைப்பதும், யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து இடுவதும் இந்த நஷ்டத்தைக் குறைப்பதற்கே என்பது நமது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இனித் தொட்டியைக் கவனிப்போம். மீன் தின்ற உணவிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் அதன் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளிவருகிறது. கடல் ஜலம் காரத்தன்மை உடையதாகையால், அதில் அம்மோனியாவின் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிட அதிகம். நல்ல வேளையாக, பிராணவாயு உள்ள இடமெல்லாம் ஒரு வகை நுண்கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் தனித்தனியே பிரித்துக் காட்டிய கிருமிகள் இவற்றின் இனமே. கடையில் விற்கும் பஞ்சு வடிகட்டியும், பந்து வடிகட்டியும் இம்மட்டிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றில் எங்கும் பிராணவாயு நிறைந்திருப்பதால், நைட்ரேட்டை வாயுவாக்கும் இரண்டாம் பகுதி வேலை அங்கே நடைபெற இடமில்லை. வயலின் மேலேடு மட்டும் இருக்கிறது, கீழ்ச்சேறு இல்லை. அந்தக் கீழ்ச்சேற்றின் ஸ்தானத்தில் வைப்பதே ஆழ்ந்த மணற்படுகை.

கணக்கு

நைட்ரேட் எவ்வளவு விரைவாகச் சேர்கிறது என்பதை வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் கணக்காகவே பார்ப்பது நலம். நல்ல மீன் உணவில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் என்று கொள்வோம். புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். எனவே ஒரு கிராம் உணவில் நைட்ரஜன் 64 மில்லிகிராம். அவ்வளவும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 283 மில்லிகிராம். 50 லிட்டர் ஜலமுள்ள தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனுக்கு நாளொன்றுக்கு 0.2 கிராம் உணவு போட்டால், மாதம் 6 கிராம் ஆகிறது. அதனால் லிட்டருக்கு 34 மில்லிகிராம் நைட்ரேட் உண்டாக வேண்டும். மீனின் உடலிலே தங்கும் பங்கைக் கால் பங்கு என்று தள்ளினாலும் 25 மில்லிகிராம் நிற்கும்.

மாதந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றுகிறேன், போதாதா என்று கேட்பவர் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு ஜலத்தை எடுத்தால், இருக்கும் நைட்ரேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியேறும். மாத வரவு 25 ஆக இருக்கையில், செலவும் 25 ஆக வேண்டுமானால் இருப்பு 125 ஆக உயர்ந்தே தீரவேண்டும். அதாவது தொட்டி லிட்டருக்கு 125 மில்லிகிராமில்தான் நிலைபெறும். கோமாளி மீன் இதைச் சில காலம் பொறுத்துக்கொள்ளலாம். முதுகெலும்பற்ற மெல்லிய பிராணிகள் பொறா. பாசி மட்டும் செழித்து வளரும். கண்ணாடி பச்சையாவதைக் கண்டு வெளிச்சத்தைக் குறைப்பவர், களை முளைத்த வயலில் உரக்கணக்கைப் பாராது களையை மட்டும் பறிப்பவரைப் போன்றவர்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தொல்லை இரட்டிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்று முகங்களுக்கு அருகே கரையோரக் கடல் ஜலம் உப்புக் குறைந்தும் கலங்கியும் இருப்பதால், மாற்றுவதற்கு நல்ல ஜலமே கிடைப்பதில்லை. உப்பளத்து உப்பை நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றலாமே என்ற யோசனை பலருக்குத் தோன்றுகிறது. இது கூடவே கூடாது. உப்பளத்தில் கடல் ஜலம் வற்றும்போது ஜிப்ஸம் முன்னதாகவே பிரிந்து படிந்துவிடுகிறது. பின்னர் உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரிலே நின்றுவிடுகின்றன. ஆகவே வாரி எடுத்த உப்பு கடலின் ஓர் அங்கமேயன்றிக் கடல் அன்று. மழைக்கு முன்பே, ஆற்று முகத்துக்கு எட்டத்திலிருந்து ஜலம் எடுத்துத் துணியில் வடித்து, பிளாஸ்டிக் கலங்களில் இருட்டில் மூடி வைப்பதே தக்கது. இருந்தும் சேமித்த ஜலம் எத்தனை நாளைக்கு வரும்? நைட்ரேட்டைத் தொட்டிக்குள்ளேயே போக்கும் ஏற்பாடு இருப்பின் அந்தச் சேமிப்பு மழைக்காலம் முழுவதும் தாங்கும்.

இம்முறை வந்த வழி

ஜாகர்த்தா நகரத்தில் லீ சின் எங் என்பவர் பவளப்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் தவிர வேறு வடிகட்டி யாதுமின்றிக் கடல் பிராணிகளை வளர்த்து வந்தார். அவர் தம் முறையை 1961-ஆம் ஆண்டு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். பின்னர் 1980-களில், பிரான்சு தேசத்து நீஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷான் ஷோபேர் என்னும் பேராசிரியர், தொட்டியின் அடியில் துளைத்தட்டு ஒன்றை உயர்த்தி வைத்து, தட்டின்கீழ் அசையாத ஜலம் நிற்கும் வெற்றிடம் விட்டு, அதன்மேல் மணலைப் பரப்பும் முறையை வகுத்தார். மொனாக்கோவிலுள்ள கடலியல் காட்சிச்சாலையின் பவளத் தொட்டிகளில் இம்முறை கையாளப்பட்டுப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் வெற்றிடத்தை விட்டுவிட்டு, மெல்லிய மணலை நேரே கண்ணாடியின்மேல் ஆழமாகப் பரப்பும் பழக்கம் ஏற்பட்டது. இரண்டில் எது மேல் என்று நெடுநாள் வாதம் நடந்தது. 2005-ஆம் ஆண்டு வெளியான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றில், அடியில் வெற்றிடம் இருப்பதாலும் இல்லாமையாலும் ஜலத்தின் சுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. ஆகையால் துளைத்தட்டு வாங்கும் செலவை நமது வாசகர்கள் மிச்சப்படுத்தலாம் என்பது என் அபிப்பிராயம்.

மணல்

மணல் மெல்லியதாக இருக்க வேண்டும். மாவு சலிக்கும் சல்லடையில் இறங்குவதாயிருப்பது நலம். பருமணலாக இருந்தால் ஜலம் அதனூடே தாராளமாகப் புகுந்து பிராணவாயுவைக் கீழே கொண்டு போய்விடும். அன்றியும் மீனின் எச்சமும் மிஞ்சிய தீனியும் பருக்கைகளின் இடுக்கில் விழுந்து அழுகும். மெல்லிய மணலில் குப்பை மேலேயே தங்குகிறது; கரைந்த நைட்ரேட் மட்டும் மெதுவாகக் கீழே ஊறிச் செல்கிறது.

சுண்ண மணல் சிறந்தது. அது மெல்லக் கரைந்து ஜலத்தின் காரத்தன்மையைச் சிறிது காக்கிறது. மணல் சுண்ணமா அன்றோ என்பதை அறிய அதன்மேல் இரண்டு துளி காடி விட்டால் போதும், சுண்ணமானால் பொங்கும். சென்னையில் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் இம்மணல் விலைக்குக் கிடைக்கிறது. விலை கட்டாதவர்கள் நன்கு கழுவிச் சலித்த மெல்லிய ஆற்று மணலை உபயோகிக்கலாம். நைட்ரேட்டைப் போக்கும் கிருமிகளுக்கு மணல் எந்தக் கல்லினால் ஆனது என்பது பொருட்டன்று. ஆனால் ஆற்று மணல் காரத்தன்மைக்கு உதவாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கூர்மையானது. மணலில் துளையிட்டு வாழும் புழுக்களுக்கு ஆகாது. தென்கோடிக் கடற்கரைகளில் காணப்படும் கறுப்பும் சிவப்புமான கனத்த தாது மணலையும் தள்ளிவிட வேண்டும். காந்தத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றி மணலில் இழுத்தால் ஒட்டும் மணி மிகுதியாக இருக்குமேயாகில், அந்த மணலை வாங்க வேண்டாம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து பவள மணலோ, பாறைத் துண்டோ எடுத்து வருவது குற்றமாகும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளங்களும் கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. மணலைத் தின்று சுத்தம் செய்யும் என்று வெளிநாட்டு நூல்களில் கடல் அட்டையைப் புகழ்ந்திருப்பதைப் படித்துவிட்டு அதைத் தேடிப் போகவேண்டாம். பாறைக்குப் பதிலாகச் சாயம் பூசாத சுட்ட ஓட்டுத் துண்டுகளே போதுமானவை.

எவ்வளவு ஆழம்?

நான்கு அங்குலத்துக்குக் குறையாமலும் ஆறு அங்குலத்துக்கு மேற்படாமலும் பரப்புவது வழக்கம். மெல்லிய மணலில் பிராணவாயு ஓரிரு சென்டிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடுமாகையால், நைட்ரேட்டைப் போக்கும் வேலைக்கு அதன் கீழுள்ள பகுதி முழுதும் கிடைக்கிறது. “நான்கு நல்லதானால் பத்து இன்னும் நல்லதன்றோ?” எனில், தொட்டிக்குள் அன்று. இங்கேதான் கடல்நீர்த் தொட்டிக்கும் நெல் வயலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருகிறது.

நைட்ரேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில் கிருமிகள் அடுத்தபடியாகச் சல்பேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கத் தொடங்குகின்றன. அதனால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. சில நெல் வயல்களில் வேர் கறுத்து அழுகுவதும் இதனாலேயே. சாதாரண வயல் ஜலத்தில் சல்பேட் சொற்பம். கடல் ஜலத்திலோ லிட்டருக்கு 2.7 கிராம் அளவு இருக்கிறது. எனவே கடல் மணலின் அடிப்பகுதி நெல் வயலைக் காட்டிலும் விரைவில் கறுக்கும். கண்ணாடியின் ஓரமாகக் கறுப்புத் திட்டுகளைக் கண்டதும் பலர் அஞ்சிக் கிளறிவிடுகிறார்கள். தொட்டியை அழிப்பது அந்தக் கறுப்பு அன்று, அந்தக் கிளறலே. கறுப்பு என்பது இரும்போடு சேர்ந்து கட்டுண்ட சல்பைடு. கிளறாதவரையில் அதனால் தீங்கில்லை. மேலேறும் சிறிதளவு வாயுவும், பிராணவாயு உள்ள மேலேட்டை அடைந்ததும் மறுபடி சல்பேட்டாக மாறிவிடுகிறது. கம்பியோ கரண்டியோ விட்டு அடிமணலை மேலே புரட்டினால், மாதக் கணக்கில் கட்டுண்டிருந்த நஞ்சு ஒரே வேளையில் அவிழ்ந்துவிடும். 50 லிட்டர் தொட்டியில் அதைக் கரைத்துத் தாங்கும் ஜலம் எங்கே இருக்கிறது?

சிறிய தொட்டிக்கு ஏற்பாடு

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம்; 60-க்கு 30 சென்டிமீட்டர் எனலாம். நான்கு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் மணல் பரப்பினால், 18 லிட்டர் இடம் மணலுக்குப் போகிறது. ஜலம் 37 சென்டிமீட்டர் மட்டத்தில் நின்றால், மணலுக்கு மேலே நீந்துவதற்கு 48 லிட்டர் சொச்சம் மிஞ்சும். மணலின் எடை 28 கிலோகிராம் அளவு வரும். மேஜை தாங்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தொட்டிதான் உள்ளே படுகை வைப்பதற்கு என் கணக்கில் கடைசி அளவு. இதனினும் சிறிய தொட்டியில் நான்கு அங்குல மணல் பரப்பினால் மீனுக்கு இடமில்லை; இரண்டு அங்குலத்தோடு நிறுத்தினால் வேலைக்குப் போதுமான கீழ்ப்பகுதி இல்லை.

அத்தகைய சிறு தொட்டிக்காரருக்கு நான் சொல்வது வாளிப் படுகையே. 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய மணலை நிரப்பி, அதனைத் தொட்டிக்குச் சற்று மேலான பலகையில் வைக்க வேண்டும். சிறிய பம்பினால் தொட்டி ஜலத்தை ஏற்றி, மணலின் மேற்பரப்பை உராய்ந்து ஓடவிட்டு, மேல் விளிம்புக்கருகே உள்ள துளை வழியாகத் தொட்டிக்கே திரும்பச் செய்யவேண்டும். ஜலம் மணலுக்குள்ளே பாயக்கூடாது. மேலே மட்டும் ஓடவேண்டும். குப்பை வந்து படியாதிருக்க, பம்பின் வாயில் பஞ்சு ஒன்று சுற்றிப் பஞ்சை இரண்டு நாளுக்கொருமுறை கழுவ வேண்டும். பம்பு நின்றால் ஜலம் பின்வாங்காதபடி, ஏறும் குழாயின் நுனி ஜல மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். வாளியை மூடிவிட்டால் பாசி வராது. இதிலுள்ள பெரிய அனுகூலம் யாதெனில், படுகை கெட்டால் வாளியை மட்டும் தூக்கி எறியலாம், மீனுக்கு அபாயமில்லை. முன் சொன்ன ஆழத்தின் எல்லையும் இங்கே பொருந்தாது. ஏனெனில் வாளியைக் கிளறுவார் யாருமில்லை.

தொட்டிக்குள்ளேயே படுகை அமைப்போர், முதலில் ஓட்டுத் துண்டுகளை நேரே கண்ணாடித் தரையின்மேல் நிறுத்திவிட்டு, அப்புறம் மணலைக் கொட்ட வேண்டும். மணலின்மேல் கல்லை வைத்தால், பிராணிகள் துளையிடும்போது கல் சரிந்து கண்ணாடியில் மோதும். மணலின்மேல் தட்டொன்றை வைத்து அதன்மேல் ஜலத்தை ஊற்றினால் குழி விழாது. பழைய தொட்டி உள்ள நண்பரிடம் ஒரு கை உயிருள்ள மணல் வாங்கித் தூவினால், கிருமிகளும் சிறு பிராணிகளும் கூடவே வந்து சேரும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரையில் மீன் விடலாகாது. இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நைட்ரேட் குறையத் தொடங்குவதற்குப் பின்னும் சில மாதம் செல்லும். அவசரப்பட்டு மூன்றாம் மாதத்தில் “மணல் வேலை செய்யவில்லை” என்று வாரிக்கொட்டுவது, நட்ட தென்னம்பிள்ளையைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பதேயாம்.

மணலில் வாழும் உழவர்

மண்புழு இனத்தைச் சேர்ந்த சிறு கடற்புழுக்களும், இறால் இனத்தைச் சேர்ந்த எள்ளளவான பிராணிகளும், சிறு நத்தைகளும் மணலின் மேற்பகுதியைச் சதா கிளறிக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பு கட்டிதட்டாமல் இருப்பதும், குப்பை பொடியாவதும் இவற்றின் வேலை. நாம் கிளறுவது கூடாது என்றேன். இவை கிளறுவது வேண்டும். இவை அடிச்சேற்றைப் புரட்டுவதில்லை. ஆகவே இவற்றைத் தின்னும் உளுவை இனத்து மணல் சலிக்கும் மீன்களையும், மணலில் புதையும் நட்சத்திர மீன்களையும் சிறிய தொட்டியில் சேர்க்கவே கூடாது. கடைக்காரர் அவற்றை “மணல் சுத்தம் செய்பவை” என்று சொல்லி விற்பார். அவை சுத்தம் செய்வது நமது உழவர்களையே. சில மாதத்தில் அவையும் பட்டினியால் மாளும். சிறிய படுகையில் புழு வகைகள் காலப்போக்கில் குறைந்துவிடுமாதலால், ஆண்டுக்கொருமுறை வேறொரு நல்ல தொட்டியின் மணல் ஒரு கிண்ணம் சேர்ப்பது உசிதம்.

இங்கே மயில்துத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மீனுக்குப் பொரி கண்டால் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. போர்டோக் கலவை தயாரித்துப் பழகிய நமது விவசாயிகள் வீட்டில் அது இருக்கவும் கூடும். மணற்படுகை உள்ள தொட்டியில் அதை ஒரு துளியும் விடக்கூடாது. புழுவும் நத்தையும் செம்புக்கு மாளும். சுண்ண மணல் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நோயுற்ற மீனை வேறு கலத்தில் வைத்து மருந்திட வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் தொட்டி ஜலம் மொள்வதும் இதே காரணத்தால் விலக்கத்தக்கது. பயிருக்குப் பூச்சி மருந்து தெளித்த கையைத் தொட்டிக்குள் விடுவதும், தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து அடிப்பதும் அங்ஙனமே.

மின்சாரம் நின்றால்

மணற்படுகையைப் புகழ்வோர் இதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். படுகையிலுள்ள கோடானுகோடிக் கிருமிகளும் புழுக்களும் மீனைப் போலவே பிராணவாயுவைச் செலவழிப்பவை. பம்பு ஓடும்வரை இது தெரிவதில்லை. கோடைக்காலத்தில், ஜலம் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறி, ஏற்கெனவே பிராணவாயு குறைந்திருக்கும் வேளையில், இரவில் மின்சாரம் சில மணி நேரம் நின்றுவிட்டால், சிறு தொட்டியில் மீன் மூச்சடைத்து மாள்வதற்கு அதுவே போதும். மணலில்லாத தொட்டி தாங்கும் நேரத்தை ஆழ்ந்த மணலுள்ள தொட்டி தாங்காது. பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கிவைக்க முடியாதவர், தொட்டிக்குள் படுகை அமைக்காதிருப்பதே மேல் என்பேன். வாளிப் படுகைக்காரருக்கு இத்தொல்லை குறைவு; பம்பு நின்றால் வாளி தனியே பிரிந்துவிடுகிறது. ஆனால் நெடுநேரம் நின்ற பின், வாளியின் மேல்ஜலத்தைக் கொட்டிவிட்டே பம்பை மறுபடி ஓட்ட வேண்டும். ஏனெனில் அந்த ஜலம் பிராணவாயு அற்று, நாற்றமும் பிடித்திருக்கக் கூடும்.

சூட்டைத் தணிக்க ஜலத்தின்மேல் மின்விசிறி வீசச் செய்யலாம். அப்போது வற்றுவது நன்னீரேயாகையால், குறைந்த மட்டத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். கடல் ஜலத்தால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். களர் நிலம் உண்டாவதும் இவ்விதமே.

மணலால் ஆகாதது

நைட்ரஜனுக்கு ஆகாயம் என்ற வாசல் இருக்கிறது. பாஸ்பரசுக்கு அத்தகைய வாசல் இல்லை. வயலில் இட்ட சூப்பர் பாஸ்பேட் மண்ணிலேயே கட்டுண்டு கிடப்பதுபோல, தீனியோடு வந்த பாஸ்பேட் சுண்ண மணலிலும் ஜலத்திலும் சேர்ந்துகொண்டே வரும். ஆகையால் ஜலம் மாற்றுவதை அடியோடு விட்டுவிடலாம் என்று எண்ணலாகாது. அளவைக் குறைக்கலாம், இடைவெளியை நீட்டலாம், அவ்வளவே. தொட்டியின் ஒரு மூலையில் கடற்பாசி வளர்த்து, மாதந்தோறும் அறுத்து எறிவதும் பாஸ்பேட்டை வெளியேற்றும் நல்ல வழி. தீனியைச் சிக்கனமாகப் போடுவதே எல்லாவற்றிலும் மலிவான வழி. இரண்டு நிமிஷத்துக்குள் மீன் தின்று தீர்ப்பதற்கு மேல் ஒரு துணுக்கும் விழக்கூடாது.

வாரம் ஒருமுறை நைட்ரேட்டைச் சோதித்து, ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதியுடன் குறித்து வைக்கவேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் நின்றால் திருப்திகரம். குறைந்து வந்த எண் மறுபடி ஏறத் தொடங்கினால், தீனி அதிகமாயிற்றா, மீன் கூடிற்றா, மணலின் மேற்பரப்பு கட்டியாயிற்றா என்று இந்த வரிசையில் பார்க்கவேண்டும்.

வீடு மாற்றும்போதோ, தொட்டியைக் கலைக்கும்போதோ, முதலில் மேல்ஜலத்தைச் சுத்தமான கலத்தில் எடுத்து மீன்களை அதில் விட்டு, அதன் பின்னரே மணலைத் தொடவேண்டும். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வாருவது நலம். பழைய படுகையை அப்படியே புதிய இடத்திற் கொட்டித் தொட்டி நிறுவக்கூடாது. மேலே ஓரங்குல மணலை மட்டும் விதை மணலாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை நல்ல தண்ணீரில் நாற்றம் போகும்வரை அலசி வெயிலில் பரப்பிக் காயவைத்தால் மறுபடி உபயோகிக்கலாம். அலசிய உப்பு நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளில் பாய்ச்சக்கூடாது. ஒரு வாளி இரண்டு வாளியானால், உப்பைத் தாங்கும் தென்னையின் அடியில் பரவலாக ஊற்றலாம்.